பதினோராவது றீல்

1986 செப்ரெம்பர் 5, வெள்ளி

சோளகக் காற்று இன்னும் ஓயவில்லை. இணுவில் வீட்டில் இருந்து ரவுணுக்குச் சைக்கிளில் வந்து சேரக் கண்ணெல்லாம் புழுதி. எட்டரைக்கே தியேட்டரில். புதுப் படம். பதினாறு றீல். கொழும்பில் இருந்து லொறியில் வந்த தகரப் பெட்டிகளில் ஒன்று நசுங்கியிருந்தது, றீலுக்குப் பழுதில்லை.

படத்தின் பெயரை எழுத மனமில்லை. ஊர்ச் சுவரெல்லாம் ஒட்டியிருக்கிறது, போதும்.

பிலிம் ஒட்டுகள் சரியா என்று பார்க்க வழமை போல ஆளில்லாத ஓட்டம். ம. அண்ணை (மகாலிங்கம் அண்ணை, பெரிய ஒப்பறேற்றர்) முதல் றீலைப் போட்டுவிட்டுப் பேப்பர் வாசிக்கப் போய்விட்டார். மிச்சம் பதினைந்தும் சின்ன ஒப்பறேற்றரின் தலையில், அதாவது என் தலையில்.

முழுதாக ஓட்டினால் கிட்டத்தட்ட ஐந்து மணியாகிவிடும். நாலரைக்குச் சனத்தை வெளியே விட வேண்டும். கடைசி மினிபஸ் ஐந்துக்கு. பொழுதுபட்டால் கோட்டையில் இருக்கும் ஆமி ஷெல் அடிக்கும் என்ற பயம் வேறு. ஆகவே எந்தப் படம் வந்தாலும் இரண்டு றீலைக் காட்டாமல் விட வேண்டும். எதை விடுவது என்பது ஒரு வருடமாக என் பொறுப்பு. ம. அண்ணை சொல்வது: "நீதானேடா பெரிய விமர்சகர். வெட்டு."

அண்மையில் விட்டவை, நினைவில் உள்ள வரை:
– போன மாதப் படம், றீ. 7. கனவுப் பாட்டு. ஒரே பாட்டில் எட்டுச் சேலை. கனவில் யார் சேலை மாற்றுகிறார்கள்?
– அதற்கு முந்தியது, றீ. 12. நீதிமன்றம். நாயகன் றீல் முழுக்கக் கத்துகிறான், நீதவான் வாயைத் திறக்கவில்லை.
– அதற்கும் முந்தியது, றீ. 5, 6. தாய்மாமன் பகிடி. நான் சிரிக்கவில்லை, ஆகவே ஒருவரும் சிரிக்கத் தேவையில்லை.

இவற்றைக் காணோம் என்று ஒருவரும் கேட்டதில்லை. விட்டும் தெரியாத றீலை எதற்காகத்தான் எடுக்கிறார்களோ.

இந்தப் படத்தில் விடுவது 4, 11. நாலில் பகிடி. பதினொன்றில் பஸ் நிலையத்தில் சண்டை, பஸ் பிரளுகிறது, சனம் ஓடுகிறது. ஒருவனை இருபது பேர் அடிக்க வந்து இருபது பேரும் விழுகிறார்கள். நடுவில் எழுந்து தேத்தண்ணி ஊற்றினேன். திரும்பி வந்தபோதும் விழுந்துகொண்டுதான் இருந்தார்கள்.

6, சனி

நல்ல சனம். மலிவு விலைக் கலரி நிறைந்துவிட்டது.

பன்னிரண்டாம் றீல் தொடங்கும்போது நாயகனுக்குத் தலையில் கட்டு. பதினொன்றை விட்டதால் அது எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியாது. ஒருவரும் கேட்கவில்லை. இப்போது எங்கள் பக்கத்தில் தலையில் கட்டோடு ஒருவன் வந்தால் ஏன் என்று யார் கேட்கிறார்கள்?

படம் பற்றி: தாயாக வருபவர் நன்றாக நடிக்கிறார். இயந்திரச் சத்தத்தில் எனக்கு வசனம் கேட்பதில்லை, முகம் மட்டும்தான். அவர் முகம் போதும். நாயகனின் முகத்துக்கு வசனமும் போதாது.

இடுப்பு வலி. சவர்க்காரம் வாங்க மறந்து போனேன்.

7, ஞாயிறு

கலரியில் பெண்கள் பக்கம், முன்வரிசையில் ஒரு மனிசி. ஐம்பது வயதிருக்கும். நீலச் சேலை, கழுத்தில் செபமாலை. நேற்றும் அதே கதிரை. தனியாக வருகிறார். பகிடிக்குச் சிரிப்பதில்லை, அழுகைக்கு மூக்கைச் சிந்துவதுமில்லை. நாயகன் வந்தால் அவனைப் பார்க்காமல் தலையைத் திருப்பித் திரையின் ஓரங்களைப் பார்க்கிறார். ஒப்பறேற்றர் அறையின் சின்ன யன்னலால் பார்க்க எனக்கு எல்லாம் தெரியும்.

ம. அண்ணை: "உந்த மனிசிக்குப் பைத்தியம். இல்லாட்டி நாயகனிலை விசர்."

சிரித்தேன்.

8, திங்கள்

வெயில். மின்சாரம் இரண்டு தரம் நின்றது. கலரி கூவியது. நீலச் சேலை மனிசி இன்றும். நானும் அவரும்தான் இந்தப் படத்தை அதிக தரம் பார்த்தவர்கள். எனக்குச் சம்பளமாவது உண்டு.

கண் எரிவு. இந்த வேலைக்கு வந்த பிறகு படம் பார்க்கும் ஆசையே விட்டுப்போயிற்று. முந்தி மருதனார்மடத்துச் சந்தியில் ஒரு புதுப் போஸ்ரரைக் கண்டால் அன்று சாப்பாடு இறங்காது. இப்போது போஸ்ரரைக் கண்டால் எத்தனை றீல் என்றுதான் நினைக்கிறேன்.

9, செவ்வாய்

எழுதாமல் விட முடியாது.

காட்சி முடிந்து இறங்கினால் படியடியில் அந்த மனிசி.

"தம்பி, நீங்கள்தானே படம் ஓட்டுறது?"

"ஓம்."

"பஸ் பிரளுற இடம் எப்ப வரும்? போஸ்ரரிலை கிடக்கு. நாலு நாளாப் பாக்கிறன், வரேல்லை. நித்திரையாப் போனனோ எண்டு இண்டைக்குக் கையைக் கிள்ளிக் கிள்ளி இருந்தனான்."

"அதை நாங்கள் விட்டிட்டம் அக்கா. நேரம் காணாது."

முகம் போன போக்கு. சேலைத் தலைப்பில் முடிந்திருந்த கடிதத்தை அவிழ்த்து நீட்டினார். மடிப்பெல்லாம் கிழிந்து ஒட்டியிருந்தது. மகன் அன்ரன் எழுதியது. 83இல் பதினெட்டு வயதில் வள்ளத்தில் அக்கரை போனவன். மதராசில் இருந்து எழுதியிருக்கிறான்:

"அம்மா, ஒரு படத்துக்குச் சனம் தேவையெண்டு எங்களை லொறியிலை ஏத்திக்கொண்டு போனவை. பஸ் ஒண்டைப் பிரட்டினவை. நாங்கள் பயந்து ஓட வேணும். ஆறு தரம் ஓடினனாங்கள். மத்தியானம் இறைச்சிச் சோறு தந்தவை. வெள்ளைச் சேர்ட்டோடை ஓடுறன். படம் அங்கை வந்தால் பாருங்கோ."

நாயகனின் பெயரும் எழுதியிருந்தான். படத்துக்கு அப்போது பெயர் வைக்கவில்லையாம்.

"உதுதான் கடைசிக் கடிதம்," என்றார். "ஒண்டரை வருசம். அதுக்குப் பிறகு ஒரு துண்டும் இல்லை. ஓடேக்கை எப்பிடி இருக்கிறான் எண்டு ஒருக்காப் பாத்தால் போதும், தம்பி."

பெயர் றெஜினா. கடற்கரையோரக் குருநகர். அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு இந்த நாயகனின் படம் வரும்போதெல்லாம் போய்ப் பார்த்திருக்கிறார். பிரண்ட பஸ்ஸைப் போஸ்ரரில் கண்டது இந்தப் படத்துக்குத்தான்.

"நாளைக்கு வாங்கோ அக்கா. கட்டாயம் போடுறன்," என்றேன்.

நன்றி சொல்லிப் போனார். வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன். றீல் தட்டில் இருந்தது. இயந்திரம் சூடாக இருந்தது. பத்து நிமிட வேலை. ஏன் அப்போதே போடவில்லை? களைப்பு. இந்தப் புழுதியில் இணுவில் வரை சைக்கிள் உழக்க வேண்டும் என்ற எண்ணம். வேறொரு காரணமும் இல்லை.

10, புதன்

காட்சி இல்லை. விடியவே கோட்டையில் இருந்து ஷெல். கடற்கரைப் பக்கம் விழுந்ததாம். ரவுண் முழுக்கப் பூட்டு. சந்தியில் ஒருவர்: "குருநகர்ச் சனமெல்லாம் வேதக் கோயிலுக்குள்ளையாம்."

நாளையோடு படம் முடிகிறது. வெள்ளி காலை நெல்லியடித் தியேட்டருக்குப் பெட்டி போய்விடும். நாளை அவர் வர வேண்டும்.

வீட்டில் இருக்க ஒரு வேலையும் ஓடவில்லை. கிணற்றடியைத் தேய்த்துக் கழுவினேன். அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தா.

11, வியாழன்

பதினொன்றைப் போட்டேன். நேரம் சரிக்கட்டப் பதின்மூன்றை விட்டேன். பதின்மூன்றில்தான் சனம் எல்லாம் வாய்க்குள் முணுமுணுக்கும் அந்தப் பாட்டு.

முன்வரிசைக் கதிரை வெறுமை. கடைசி வரை வெறுமை.

பாட்டைக் காணாமல் கலரி குழம்பிப்போயிற்று. விசில், கூக்குரல், கதிரையில் அடி. தியேட்டர் முதலாளி மூச்சு வாங்க மேலே ஏறி வந்தார்.

"ஆரைக் கேட்டடா பாட்டை விட்டனீ? சனம் வாறதே அதுக்குத்தான்!"

"சண்டையைக் காட்டுவம் எண்டு..."

"சண்டை பாக்க இஞ்சை வர வேணுமே? வெளியிலை கிடக்குத்தானே சண்டை!"

அவர் சொன்னதில் பிழையில்லை. பதினொன்றை விட்டபோது நானும் ஏறக்குறைய அப்படித்தானே நினைத்திருந்தேன். ம. அண்ணை பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஆனால் பதினொன்றை இன்றுதான் ஒழுங்காகப் பார்த்தேன். நாயகனை விட்டுவிட்டுப் பின்னால் ஓடும் சனத்தைப் பார்த்தேன். அரை நிமிடம் கூட இல்லை. அதில் எத்தனை முகம்! எங்கள் ஊர்ப் பெடியள் என்று பார்த்தவுடன் தெரிகிறது. சாரத்தை மடித்துக் கட்டின விதம் ஒன்று போதும். வெள்ளைச் சேர்ட்டில் மூன்று பேர். ஒருவன் ஓடும்போதே சிரிக்கிறான். ஆறாம் தரம் ஓடும்போது யாருக்குத்தான் சிரிப்பு வராது?

இத்தனை பேரையும் நான் தேத்தண்ணி ஊற்றப் போய்த் தவற விட்டிருக்கிறேன். விமர்சகராம்.

12, வெள்ளி

களவு செய்தேன். எழுதி வைக்கிறேன்.

ஏழரைக்குத் தியேட்டர். ஒருவரும் வரவில்லை. பதினொன்றைச் சுற்றி அந்த இடத்தைத் தேடி, சிரிக்கிற பெடியன் நடுவில் நிற்கும் துண்டை வெட்டி எடுத்து, மிச்சத்தை ஒட்டிவிட்டேன். சிரிக்கிறவன்தான் அன்ரன் என்று என் மனம் சொன்னது. ஒரு முழம். ஒரு முழப் பிலிம் ஒரு செக்கன் ஓடும். கண்டுபிடித்தால் வேலை போகும். ஒட்டு நேராகத்தான் வந்தது.

ஒன்பதுக்குப் பெட்டிகள் நெல்லியடிக்குப் போயின.

13, சனி

காலையில் குருநகர். கேட்டுக் கேட்டுக் கோயில் வளவில் றெஜினாக்காவைக் கண்டுபிடித்தேன். பாயும் சட்டியும் ஒரு மூட்டையும். வீட்டுக்கு ஒன்றும் நடக்கவில்லையாம், திரும்பிப் போகத்தான் பயம்.

"வரேலாமப் போச்சு தம்பி. ஏமாத்திப் போட்டன் எண்டு நினைச்சியளோ?"

ஏமாற்றியது யார் என்று அவருக்குத் தெரியாது. பிலிமைக் கொடுத்தேன். வெயிலுக்கு நேரே பிடித்தார். ஒவ்வொரு கட்டமாக, ஒரு கண்ணை மூடிக்கொண்டு. சுற்றி நின்ற பெண்களும் எட்டிப் பார்த்தார்கள்.

"நடுவிலை சிரிக்கிறது ஆரோ. இவனில்லை."

பிலிமைத் திருப்பி வாங்கக் கையை நீட்டினேன்.

"பொறுங்கோ. இஞ்சை, ஓரத்திலை. பாதி முகம். ஓம். காதைப் பாருங்கோ. பிறக்கேக்கையே மடிஞ்ச காது. அன்ரன்தான்." பக்கத்தில் நின்றவரிடம் காட்டினார். "மெலிஞ்சு போனான், என்ன?"

பிறகு என்னிடம்: "இதுக்கு அடுத்ததிலை எங்கை ஓடுறான்?"

அடுத்ததில் அவன் முழுதாக உள்ளே வருவான். அந்தத் துண்டு பெட்டிக்குள், நெல்லியடியில். ஒரு முழம் வெட்டத் தெரிந்த எனக்கு எந்த முழம் என்று தெரியவில்லை. நெல்லியடிக்கு வருகிறீர்களா என்று கேட்டேன். நாளை பூசை, திங்கள் வருகிறேன் என்றார்.

14, ஞாயிறு

எங்கள் தியேட்டரில் புதுப் படம். பதினைந்து றீல். சனம் வரும் காட்சிகளை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறேன். எதை விடுவது என்று முடிவெடுக்கவில்லை. ம. அண்ணை: "என்னடா, பரீட்சைக்கே படிக்கிறாய்?"

நாளைக்கு லீவு கேட்டேன். அம்மாவுக்குச் சுகமில்லை என்று பொய். முதலாளி இன்னும் என் முகத்தைப் பார்ப்பதில்லை, அதனால் உடனே தந்துவிட்டார்.

15, திங்கள்

மேகம். மழை இல்லை. ஒன்பது மணி மினிபஸ். றெஜினாக்கா அதே நீலச் சேலை, தோய்த்து உடுத்திருந்தார். கடிதமும் பிலிமும் தலைப்பில். வழி முழுக்கத் தலைப்பைப் பிடித்தபடி இருந்தார். மரமில்லாத வல்லைவெளியில், "காத்து" என்றார்.

நெல்லியடித் தியேட்டர் ஒப்பறேற்றர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். என்னை விடக் களைத்த முகம்.

"பதினொண்டோ? அதை நாங்களும் விட்டிட்டமே. விசர்ச் சண்டை. நேரமும் காணாது."

விசயத்தைச் சொன்னேன். அக்கா நீட்டிய கடிதத்தை அவர் வாங்கி வாசித்தார். இரண்டாம் தரமும் வாசித்தார்.

"சரி அக்கா. நாளைக்கு வாங்கோ, போடுறன்."

"இப்ப போடுங்கோ," என்றேன். என் குரல் உரத்துப் போனது. "நாளைக்கு எண்டு நானும் சொன்னனான். பத்து நிமிசம். லைற்றுக்குக் காபன் குச்சி வேணுமெண்டால் நான் கொண்டுவந்து தாறன். இப்ப போடுங்கோ."

என்னைப் பார்த்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தார்.

அவ்வளவு பெரிய மண்டபத்தில் நாங்கள் இருவர். அக்கா முன்வரிசையில், நான் பின்னால். சண்டை தொடங்கியது. ஒருவன் விழுந்தான், இருபது பேரும் விழுந்தார்கள். பஸ் பிரண்டது. சனம் ஓடி வந்தது. என் ஒட்டு வரப்போகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். வந்தது. திரை ஒருக்கால் துள்ளியது. நான் வெட்டிய முழத்தில்தான் அன்ரன் ஓரத்தில் இருந்து உள்ளே வருகிறான். அது இல்லாததால் அவன் எங்கிருந்தும் வரவில்லை. வெறும் இடத்தில் திடீரென்று முழு உருவமாக நின்றான், வெள்ளைச் சேர்ட்டோடு, வாயைத் திறந்தபடி, எங்களைப் பார்த்து.

றெஜினாக்கா கதிரையை விட்டு எழுந்துவிட்டார்.

"வந்திட்டான்," என்றார்.