பேக்கிங் வெட்டுகிறவள்

ஜூன் 3

அன்புள்ள என்னவருக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். அறையில் என்னோடு இன்னும் இரண்டு பெண்கள். ஒருத்தி விடுகிற குறட்டையைக் கேட்டால் உங்கள் கூடப் பிறந்தவள் என்றே தோன்றுகிறது. தொழிற்சாலையில் எனக்கு அச்சு வைத்து வெட்டும் இயந்திரம். நம் பைக் ரிப்பேர் கடையில், எண்ணெய் ஒழுகாமல் மூடிக்கு அடியில் வைக்க நான் அட்டையில் சிறு சுத்தியலால் தட்டித் தட்டி வெட்டும் என்ஜின் பேக்கிங், இங்கே ஒரே அடியில் கொத்தாக விழுகிறது. பார்த்ததும் வயிற்றெரிச்சல்.

கடை வருமானம் இரண்டு பேருக்குப் பற்றாமல்தானே வந்தேன். ஒரு வருஷம் ஓடிவிடும். தபால்காரர் வண்டியில் எண்ணெய் ஒழுகினால், நான் வெட்டி மாட்டி வைத்திருப்பதைப் போடுங்கள். நீங்கள் வெட்டாதீர்கள். உங்கள் கைக்கு அட்டை தாங்காது.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
வாயாடி

ஜூன் 21

வாயாடிக்கு,

நீ போனபின் கடையில் என்ஜின் சத்தம் மட்டும்தான் கேட்கிறது. நீ வெட்டி வைத்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. பால்காரர் பைக்கைக் கீழே போட்டதில் கிளட்ச் மூடியில் விரிசல். அதைப் பசை பூசி அடைத்துவிட்டேன். பேக்கிங்குக்குத்தான் திண்டாட்டம். அந்த மாடலைக் கம்பெனியே மறந்துவிட்டதே.

நான் அட்டை அட்டையாகக் கெடுப்பதைப் பக்கத்துக் கடை டெய்லரம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். "அண்ணே, ஜாக்கெட்டுக்குக் கழுத்து வெட்டுறதைவிடவா இது கஷ்டம்? இங்க குடுங்க" என்று வாங்கினாள். சாக்பீஸால் வரைந்து ஒரே வெட்டாக வெட்டினாள். போல்ட் ஓட்டைகளை பெல்ட்டுக்குத் துளை போடும் குத்தியால் போட்டுவிட்டாள். எண்ணெயில் ஊறவைத்து மாட்டினேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. அசந்துபோனேன்.

சாப்பாடெல்லாம் நேரத்துக்குத்தான்.

உன்
கடைக்காரன்

ஜூலை 2

அன்புள்ள என்னவருக்கு,

கடிதத்தில் பாதி எனக்கு, பாதி டெய்லரம்மாவுக்கு. சந்தோஷம்.

அவள் இத்தனை நாளும் பக்கத்துக் கடையில்தானே இருந்தாள்? நான் இருந்தபோது ஒரு தடவையாவது நம் வாசலை எட்டிப் பார்த்தாளா? சும்மா கேட்கிறேன், எங்கே உட்கார்ந்து வெட்டுகிறாள்? என் ஸ்டூலிலா? டீ யார் வாங்கிக் கொடுக்கிறது? எனக்கு ஒன்றுமில்லை. தெரிந்துகொள்ளலாமே என்றுதான்.

இங்கே சூப்பர்வைசர் என் வேலையை ரொம்பப் புகழ்கிறார். நேற்று மழையில் தன் பைக்கிலேயே அறைவரை கொண்டுவந்து விட்டார். புத்தம் புது வண்டி. ஓடுகிற சத்தமே கேட்கவில்லை.

உங்கள்
வாயாடி

ஜூலை 9

வாயாடிக்கு,

அந்த ஆளுக்கு என்ன வயது? மழை என்றால் உன்னிடம் குடை இல்லையா?

ஸ்டூலில்தான் உட்காருகிறாள். பின்னே தரையிலா உட்காரச் சொல்வேன்? கூரியர்காரர் வண்டியில் ஸ்பிரிங் தொய்ந்து கிளட்ச் நழுவியது. புது ஸ்பிரிங் எங்கும் கிடைக்கவில்லை. வாஷர்களை அடுக்கி இறுக்கினேன், பிடித்துக்கொண்டது. அதற்கும் அவள்தான் விளக்குப் பிடித்தாள். பொய் சொல்ல மாட்டேன். பேச்சுத்துணை இருந்தால் நன்றாகத்தான் இருக்கிறது.

கடைக்காரன்

ஜூலை 17

என்னவருக்கு,

பேச்சுத்துணை. அந்த வார்த்தையோடுதான் நாலைந்து நாளாகத் தூங்கி எழுகிறேன்.

சூப்பர்வைசர் பேரன் எடுத்தவர். எரிந்ததா? எரியட்டும் என்றுதான் எழுதினேன்.

இதோடு ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். ஸ்டோரில் கெஞ்சிப் பழைய அச்சுகளைத் தேடி எடுக்கவைத்து, நம் தெருவில் ஓடுகிற எல்லா வண்டிகளுக்கும் பேக்கிங் அடித்து வாங்கினேன். இனி நம் கடைக்கு யாரும் வந்து எதையும் வெட்ட வேண்டியதில்லை. அவளிடமும் காட்டுங்கள். மறக்காமல் காட்டுங்கள்.

வாயாடி

ஜூலை 30

வாயாடிக்கு,

பார்சல் வந்தது. நீ சொன்னபடியே காட்டினேன். ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "அண்ணே, இது உங்களுக்கு வந்த பார்சல் இல்ல. எனக்கு வந்த லெட்டர்" என்றாள். தன் குத்தியை எடுத்துக்கொண்டு போனவள்தான், திரும்பி வரவில்லை. என் தலையைக் கண்டால் குனிந்து மிஷினை மிதிக்கிறாள்.

உன் பேக்கிங் எதுவும் பொருந்தவில்லை. இந்தப் பழைய வண்டிகளில் மரை தேய்ந்த போல்ட் ஓட்டைகளையெல்லாம் நான் பெரிதாக்கியும் இடம் மாற்றியும் போட்டிருக்கிறேனே, அது கம்பெனி அச்சுக்கு எப்படித் தெரியும்? தபால்காரர் வண்டிக்கு நானே வெட்டிப் போட்டேன். பாதி வழியில் எண்ணெய் பீய்ச்சி அவர் கால்சட்டை பாழ். மனுஷன் கோபப்படவில்லை. "உங்க வீட்டம்மா எப்ப வருவாங்க?" என்று மட்டும் கேட்டார்.

ஜெயித்துவிட்டாய். கடையில் இப்போது நான் மட்டும்தான்.

கடைக்காரன்

ஆகஸ்ட் 6

அன்புள்ள என்னவருக்கு,

கடிதம் வந்த அன்று எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். தபால்காரர் கால்சட்டையை நினைத்து வாய்விட்டுச் சிரித்தேன். மறுநாள் வேலையில் நிற்கும்போதுதான், அவள் குனிந்து மிஷினை மிதிப்பது கண்முன்னே வந்து நின்றது. அன்று நான் அடித்ததில் பாதி கோணல்.

நான் இல்லாமல் கடை படுத்துவிட்டது என்று நீங்கள் எழுதியிருந்தால் அழுதிருப்பேன். அழுதுவிட்டுத் தூங்கியும் இருப்பேன். அவள் வெட்டியதில் ஒரு சொட்டு ஒழுகவில்லை என்று எழுதினீர்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இன்னும் கொஞ்சம் எரிகிறது, மறைக்கவில்லை. ஆனால் அதற்கு அவள் என்ன செய்வாள்?

சனிக்கிழமை வருகிறேன். திங்கட்கிழமை திரும்ப இங்கே வேலையில் நிற்க வேண்டும். அதற்குப் பிறகு நம் கடை அவள் கையை நம்பித்தான் ஓட வேண்டும். அதனால் பஸ் ஸ்டாண்டுக்கு வராதீர்கள். இறங்கியதும் நேரே அவள் கடைக்குத்தான் போவேன். அவள் திட்டினால் நடுவில் வராதீர்கள், திட்டி முடிக்கட்டும். உட்காரச் சொன்னால் உட்காருகிறேன். சொல்லாவிட்டால் நிற்கிறேன்.

அவள் மனசு இறங்கினால் இரண்டு பேருமாக நம் கடைக்கு வருவோம். நான் மட்டும் வந்தால், என்னிடம் எதுவும் கேட்காதீர்கள்.

உங்கள்
வாயாடி