பதினொரு மணிக்குள் பார்க்க வேண்டிய ஸ்பீக்கர்

மார்ச் 1, சனி

காலையிலேயே புழுக்கம். இன்றைய வேலை: புது ஸ்பீக்கர் பார்க்க பூச்சோங் கடைக்குப் போவது. பழையதில் இரண்டு வாரமாகக் கரகரப்பு. என் கணவர் மோகனுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. எனக்குத் தெரிகிறது.

கடை மாடியில். ஏர்கோன் குளிரில் நடுக்கம். விற்பனையாளர் முழு நேரமும் மோகனிடமே பேசினார். "பாஸ், இத கேட்டா வேற எதயும் கேக்க மாட்டீங்க லா." வாங்கப் போவது நான்தான் என்று சொல்ல மோகனும் வாயைத் திறக்கவில்லை.

சின்ன ஸ்பீக்கர், ஆனால் மிருதங்கம் நெஞ்சில் இடித்தது. நம்பவில்லை. மூலையில் துணி போட்டு மூடிய பெட்டி. கை வைத்தேன், அதிர்ந்தது. தும் தும் என்ற அடிச்சத்தத்துக்கென்றே உள்ள தனிப் பெட்டி.

"இது சப்வூஃபர்தானே? ஆஃப் பண்ணுங்க."

ஆஃப் செய்ததும் மிருதங்கம் தகர டின் ஆனது. "சும்மா சப்போர்ட்டுக்கு வெச்சது அக்கா." அதுவரை நான் அக்காவாகக்கூட இல்லை.

இருபத்தேழு வருடமாக இன்சூரன்ஸில் கார் விபத்து கிளெய்ம் பரிசீலிக்கிறேன். மூடி வைத்த எதைக் கண்டாலும் கை தானாகப் போகும்.

மார்ச் 2, ஞாயிறு

மழை. துணி காயவில்லை. கடை வேண்டாம், யாராவது விற்கும் செகண்ட் ஹேண்டே வாங்கலாம் என்று முடிவு. தேவை:
– நின்ற வாக்கில் வைக்கும் ஸ்பீக்கர், ஒரு ஜோடி. சுவரை ஒட்டி வைக்காமல் ஓரடி தள்ளி.
– சப்வூஃபர் (சப்), சிறியது. சத்தத்தைத் தனியாகக் குறைக்கும் திருகு அவசியம். பிரிக்ஃபீல்ட்ஸ் ஃபிளாட்டில் எங்கள் தரை இன்னொருவர் கூரை.

கிள்ளானிலிருந்து ஒரு விளம்பரம். நான் கேட்டது அப்படியே, சப்போடு சேர்த்து. ஒரே உரிமையாளர். ரசீது, பெட்டி எல்லாம் உண்டு. விலை குறைவு. எதற்காகக் குறைவு?

போன் செய்தேன். வயதான குரல், யாழ்ப்பாணத் தமிழ். பெயர் நடராஜா.

"செவ்வாய், வியாழன், சனி. காலமை ஒன்பதுக்கு வாங்கோ. பதினொண்டுக்குள்ள முடிச்சிட வேணும்."

"இன்னிக்கு வரலாமா அங்கிள்?"

"ஏலாது பிள்ளை. இண்டைக்கு வீட்டில ஆள் இருக்கு."

வீட்டில் ஆள் இருந்தால் விற்க முடியாத பொருள். குறித்துக்கொண்டேன்.

மார்ச் 4, செவ்வாய்

ஆபீஸ். பல்வலி. மதியம் சாப்பாட்டுக்குப் பதிலாக யோசனை. கிள்ளான் ஸ்பீக்கர், காரணம் என்னவாக இருக்கும்:
1. திருடியது.
2. வெள்ளத்தில் நனைந்து காய்ந்தது.
3. மகனுடையது. மகன் இரவு வேலை முடிந்து வீடு திரும்பும் நேரம்தான் அந்தப் பதினொரு மணி.

இரவு மோகனிடம் படித்துக் காட்டினேன். "நாலாவது, நல்ல மனுஷன்னு ஒண்ணு போடேன்" என்றார். போடவில்லை.

நடராஜா அங்கிளிடம் ஸ்பீக்கரின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். உடனே அனுப்பினார். ஓரத்தில் பெண்கள் செருப்பு ஒரு ஜோடி. ஆக, 4: மனைவிக்குத் தெரியாமல் விற்கிறார்.

மார்ச் 8, சனி

ஃபெடரல் ஹைவேயில் நெரிசல். ஒன்பதரைக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். ஒற்றை மாடி வீடு. அங்கிளுக்கு எழுபத்தைந்து வயதிருக்கும், இஸ்திரி போட்ட சட்டை. தேத்தண்ணி வைத்தார்.

ஸ்பீக்கரை மோந்து பார்த்தேன், வெள்ள வாடை இல்லை. டார்ச் அடித்தேன், ரப்பர் விளிம்பில் கீறல் இல்லை. கூம்பை மெல்ல அழுத்தினேன், உரசவில்லை. வரிசை எண் ரசீதோடு பொருந்தியது. குறை ஒன்றும் கிடைக்காதது எரிச்சலாக இருந்தது.

வீணை போட்டார். தந்தியில் விரல் நகர்வதுகூடக் கேட்டது. மோகன் கண்ணை மூடிக்கொண்டார். நான் அங்கிளையே பார்த்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஆன்டிக்குத் தெரியுமா அங்கிள்?"

தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தார். பிறகு, "தெரியாது."

"அப்ப நான் எடுக்க மாட்டேன்."

பாட்டை நிறுத்திவிட்டுச் சொன்னார். மனைவி புவனத்துக்குச் சிறுநீரகம் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் காலை டயாலிசிஸ். போன மாதம் ஒருநாள் அது முடிந்து புவனம் வந்து படுத்தபோது இங்கே ஹாலில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தால், தலையணையால் காதைப் பொத்திக்கொண்டு கிடந்தாராம். அன்று நிறுத்தியது. இன்று எங்களுக்காகத்தான் திரும்பப் போட்டது.

"கேட்டா விக்க விடமாட்டா. அவ அப்படிக் கிடக்க நான் பாட்டுக் கேக்கிறதோ?"

டார்ச்சைப் பைக்குள் போட்டேன்.

பத்தே முக்காலுக்கு வாசலில் டயாலிசிஸ் வேன். பிரஷர் இறங்கியதால் சீக்கிரமே அனுப்பிவிட்டார்களாம். ஆன்டி சுவரைப் பிடித்தபடி உள்ளே வந்தார். கையில் பஞ்சும் பிளாஸ்டரும்.

"ஆர் இவை?" என்றார் எங்களைப் பார்த்து.

அங்கிள் எழுந்து நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார். "ஸ்பீக்கர் வாங்க வந்தோம் ஆன்டி" என்றேன்.

ஆன்டி உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. அங்கிளைப் பார்த்தார்.

"உமக்குத் தலையிடி எண்டுதான்..." என்று தொடங்கினார் அங்கிள்.

"தலையிடி தாறது பாட்டில்லை. அந்தப் பெட்டி." சப்வூஃபரைக் காட்டினார். "தும் தும் எண்டு கட்டில் வரைக்கும் வருது. ஒரு மாசமா வீடு சத்தமில்லாமல் கிடக்கு. டொக்டர் உமக்கு என்னைப் பற்றி ஏதோ சொல்லிப்போட்டார், எனக்கு மறைக்கிறீர் எண்டு நினைச்சன்."

"டொக்டர் ஒண்டும் சொல்லேல்லை புவனம்."

"சத்தியமா?"

"சத்தியமா."

ஒரு மாதமாக அதை நினைத்துக்கொண்டே போய் அந்த மெஷினில் படுத்திருக்கிறார். நான்கு வரி பட்டியல் போட்டேனே, அதில் எதுவும் இதன் பக்கத்தில்கூட வரவில்லை.

மண்டி போட்டு சப்பின் வயர்களைக் கழற்றினேன். மோகன் ஸ்பீக்கர்களை இடத்துக்குத் தள்ளினார். அங்கிள் வீணையைச் சத்தம் குறைத்துப் போட்டார். ஆன்டி நாற்காலியில் சாய்ந்து கொஞ்ச நேரம் கேட்டார்.

"இது போதும். பெட்டியை நீங்கள் கொண்டு போங்கோ, பிள்ளை."

கொண்டுவந்தோம்.

மார்ச் 9, ஞாயிறு

வெயில். இரண்டு வாளித் துணி. ஹாலில் இப்போது ஒரு சப்வூஃபர். அதோடு சேர்க்க நல்ல ஸ்பீக்கர் இல்லை.

காலையில் மோகனிடம்: "நீங்க எங்கிட்ட சொல்லாம வெச்சிருக்கிறது ஏதாவது இருக்கா?"

"நெறைய இருக்கு. நீ எங்க கேக்கிற? நீயேதான் கண்டுபிடிச்சிக்கிறியே."

சிரிக்கவில்லை அவர். டீ போட்டு எடுத்துவந்து எதிரில் உட்கார்ந்து கேட்டேன்.

முதலாவது, அவருக்குப் புது ஸ்பீக்கரே வேண்டாமாம்.