மூன்றாம் ஓலைக்கு எழும்பிய உன் மகள்

சண்டை போட்டாலும் சாயங்காலத்துக்குள் பேசிவிடுகிற என் லீலா அக்காவுக்கு,

உன் மகள் அபிஷாவின் கல்யாணம் நின்றுபோயிற்று. சுற்றி வளைத்துச் சொன்னால் உனக்குப் பிடிக்காது என்பதால் முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். போன வியாழக்கிழமை நடந்திருக்க வேண்டியது. பந்தல்காரர் வந்து கம்புகளை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார். முற்றத்தில் கம்பு நட்ட குழிகள் மட்டும் கிடக்கின்றன.

நீ பதறாதே. பிள்ளை நன்றாக இருக்கிறாள். இன்றைக்குக் காலையில்கூட இட்லி தின்றுவிட்டு நாகர்கோவிலுக்கு வேலைக்குப் போனாள். கை கால் வராமல் படுத்தவர்களைப் பிடித்து நடக்க வைக்கிற வேலை. அங்கே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போக முடியாது என்கிறாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. துக்கம் என்று நினைத்துவிடாதே. அருவருப்பு. சோற்றில் தலைமுடி கிடந்தால் இலையைத் தள்ளி வைப்போமே, அப்படித்தான் இன்னும் தள்ளி வைக்கிறேன்.

மாப்பிள்ளை பேர் ஜெபின். திங்கள்சந்தைப் பக்கம். கத்தாரில் வேலை, கல்யாணத்துக்காக லீவில் வந்திருந்தான். அவர்கள் சபையில் பாடகர் குழுவில் பாடுவான், பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்பான். "பையன் கொள்ளாம், நல்ல பிள்ளை" என்று நானும்தான் சொன்னேன். நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? மூக்கைச் சுருக்கியிருப்பாயா?

எல்லாம் ஒரு கார்ப் பயணத்தில் தொடங்கியது. கல்யாணச் சேலை எடுக்க இரண்டு பேரும் நாகர்கோவில் போனார்கள். அபிஷா ஓட்டினாள், அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கத்தாரில் ரோட்டின் வலது பக்கம் ஓட்டிப் பழகியவனுக்கு நம்ம ஊரில் ஓட்டப் பயம். அதில் ஒரு கேவலமும் இல்லை. ஆனால் தக்கலை ஜங்ஷனில் அவனுடைய கூட்டாளிகள் பார்த்துவிட்டார்கள். அன்றைக்கே அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் கேலி ஆரம்பித்துவிட்டது, பொண்டாட்டி ஓட்ட மாப்பிள்ளை பொம்மை மாதிரி இருந்தானாம். அவனே அதை இவளிடம் காட்டினான். இவள் சிரித்தாள். அவனுக்கு அவ்வளவு சிரிப்பு வரவில்லை என்று பிறகு சொன்னாள்.

நம்ம சபையில் முதல் ஓலை வாசித்தார்கள். இரண்டாம் ஓலையும் வாசித்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, பெண்ணின் பேரையும் பையனின் பேரையும் வாசித்து, இவர்களைச் சேர்த்து வைக்கத் தடை ஏதும் தெரிந்தால் சொல்லுங்கள் என்று போதகர் கேட்பாரே. பாவாடை கட்டின வயசிலிருந்து நாமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். ஒருத்தராவது வாய் திறந்து பார்த்திருக்கிறோமா? போதகரும் பதிலுக்குக் காத்திருப்பதில்லை, மூச்சு விடாமல் அடுத்த அறிவிப்புக்குப் போய்விடுவார்.

மூன்றாம் ஓலைக்கு முந்தின நாள், சனிக்கிழமை, ஜங்ஷனில் நம்ம சர்ச்சுக்குத் திரும்புகிற முக்கில் ஒரு ஃபிளெக்ஸ் போர்டை வைத்தார்கள். வாழ்த்துத்தான், மாப்பிள்ளைக்கு நண்பர்களின் வாழ்த்து. ஏதோ ஒரு சினிமாவின் படம். கதாநாயகன் கையை ஓங்கிக்கொண்டு நிற்கிறான், காலடியில் ஒரு பெண் கன்னத்தைப் பொத்திக்கொண்டு மண்டியிட்டிருக்கிறாள். கதாநாயகனின் உடம்பில் ஜெபினின் தலை. அந்தப் பெண்ணின் உடம்பில் நம்ம அபிஷாவின் தலை. நிச்சயதார்த்தத்தன்று சுவரில் உன் போட்டோவுக்குக் கீழே நின்று சிரித்தாளே, அந்தச் சிரிப்பை வெட்டி ஒட்டியிருந்தார்கள். அடி வாங்கிவிட்டுச் சிரிக்கிறாள் உன் மகள். மேலே கொட்டை எழுத்தில், "அடங்காத குதிரைக்கு எங்க அண்ணன் போடுறான் கடிவாளம்!" கீழே கறுப்புக் கண்ணாடி போட்ட தலைகள் வரிசையாக. அதில் இரண்டு பேர் என்னிடம் எட்டாம் வகுப்பில் கணக்குப் படித்தவர்கள்.

நான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். சாயாக்கடையிலிருந்து ஒருவர், "டீச்சரே, பயலுவ கலக்கிட்டானுவ, கேட்டியளா?" என்கிறார். பக்கத்தில் நின்ற அவருடைய பெண்டாட்டியும் சிரிக்கிறாள். எனக்குக் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. யார்மேல் துப்புவது, அக்கா?

உனக்கு அந்தத் தியேட்டர் ஞாபகம் வந்திருக்குமே. எனக்கும் அதே ஞாபகம்தான் வந்தது. உனக்குக் கல்யாணமான புதிது, அத்தான் நம்ம இரண்டு பேரையும் சினிமாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். எதிர்த்துப் பேசினாள் என்பதற்காகக் கதாநாயகன் அவளை அறைகிறான். தியேட்டரே விசிலடித்தது. அடுத்த சீனில் அவள் குனிந்த தலையோடு தாவணி கட்டிக்கொண்டு வருகிறாள், அதற்கும் விசில். நீ "ச்சீ" என்றாய், அத்தனை பேருக்கும் கேட்கும்படி. "எழும்புட்டீ, போவோம்" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாய். அத்தான் கடைசிவரைக்கும் இருந்து பார்த்துவிட்டுத்தான் வந்தார். மறுநாள் உனக்குப் பல்வலி வேறு, நான் கிராம்பு இடித்துத் தந்தேன்.

அதற்குப் பிறகு நம்ம வீட்டில் கிறிஸ்துமஸ் சாப்பாடு என்றால் அத்தான் அந்தக் கதையைச் சொல்லாமல் இருந்ததில்லை. "சினிமால ஒருத்தன் ஒருத்திய அடிச்சா எங்க வீட்டம்மைக்கு இங்க கன்னம் வலிக்கும்" என்பார். எல்லாரும் சிரிப்போம். நீயும் குழம்பு வெளம்பிக்கொண்டே சிரிப்பாய்.

சரி, சனிக்கிழமைக்கு வருகிறேன். அபிஷா அன்று சாயங்காலம் ஜெபினுக்குப் போன் செய்தாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

"அத எடுக்கச் சொல்லுங்க."

"தமாசுக்கு வச்சது, அபி. பயலுவ ஆசையாட்டு செஞ்சது. படத்துல இல்லாததா? அந்த சீனுக்கு லேடீஸும்தான் கை தட்டுனாங்க."

"எனக்குப் பிடிக்கல்ல."

"சாரமில்ல, விடு. கல்யாணம் கழிஞ்சா எல்லாம் சரியாவும்."

"எது சரியாவும்?"

டவர் கிடைக்கவில்லை என்று போனை வைத்துவிட்டான்.

மறுநாள் ஆராதனைக்கு வந்த அத்தனை பேரும் அந்த முக்கைக் கடந்துதான் வந்தார்கள். போதகரும்தான். மூன்றாம் தரமாக ஓலை வாசித்தார். தடை தெரிந்தால் சொல்லுங்கள் என்றார். என் பக்கத்தில் இருந்தவள் எழும்பினாள். தண்ணீர் குடிக்கப் போகிறாளாக்கும் என்று நினைத்தேன்.

"ஐயா, தடை உண்டு."

போதகர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "யாரம்மா அது?"

"பெண்ணு நான்தான். சர்ச்சுக்குத் திரும்புத முக்குல ஒரு போர்டு நிக்குதில்லா, அதான் தடை. அது அங்க நிக்குத வரைக்கும் எனக்குச் சம்மதம் இல்ல."

இவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டும் உட்காரவில்லை. ஆண்கள் பக்கத்திலிருந்து அத்தான் திரும்பி, உட்கார் என்று கையைக் கீழே காட்டிக்கொண்டே இருந்தார். போதகர், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிக் காணிக்கைப் பாட்டை எடுக்கச் சொன்னார். பாதிப் பேர் பாடவில்லை. எனக்குப் பின்னாலிருந்து ஒருத்தி, "தாயில்லாத பிள்ளையில்லா, அதான் இந்தத் துணிச்சல்" என்றாள். திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தேன். ஞானப்பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள்.

மத்தியானம் ஜெபின், அவன் அம்மா, தாய்மாமன் எல்லாரும் வந்துவிட்டார்கள். மாமன்தான் பேசினார். "சபையில வச்சு எங்க மானத்த வாங்கியாச்சு. சாரமில்ல, கொச்சுப் பிள்ளை, அறியாம பேசிட்டா. ஒரு சாரி சொல்லட்டு, வியாழக்கிழமை நடத்திருவோம்."

அபிஷா அவரைப் பார்க்கவில்லை. "ஜெபின், நீங்க ஜங்ஷனுக்குப் போயி ஒங்க கையால அத அவிழ்த்துருங்க. நானும் கூட வாறேன். பொறவு எல்லாருக்க முன்னாலயும் நான் சாரி சொல்லுதேன்."

அவன் தரையைப் பார்த்தான். "பிரெண்ட்ஸுக்க முன்னால நான் எப்படி அபி..." என்று இழுத்தான். வாழ்நாள் முழுக்க இருக்கப்போகிறவள் முன்னால் கூச்சம் இல்லை, அந்தக் கறுப்புக் கண்ணாடிகளுக்கு முன்னால் கூச்சம்.

அப்போது அத்தான், சூட்டைத் தணிக்க வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். "இவளுக்க அம்மையும் இப்படித்தான், கேட்டியளா? ஒருக்க தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போனேன்..." அதே கதை. ச்சீ, கன்னம் வலிக்கும், எல்லாம். வந்தவர்கள் நன்றாகச் சிரித்தார்கள். அந்த மாமன் தொடையில் தட்டிச் சிரித்துவிட்டு, "அன்னைக்கே அம்மைக்கு ஒண்ணு குடுத்திருந்தா இன்னைக்கு மவ அடங்கியிருப்பா" என்றார். நீ அவருடைய தலைக்கு நேர் மேலே சுவரில் இருந்தாய்.

அத்தானின் முகத்தில் சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு, "குடுத்தேன்" என்றார்.

"என்னது?"

"அன்னைக்கு வீட்டுக்கு வந்து, கதவச் சாத்திட்டு, அவள அடிச்சேன். அவ அடங்கல்ல. பொறவு எங்கூட சினிமாவுக்கு வராம இருந்தா, அவ்வளவுதான்."

அபிஷா அப்பாவைப் பார்த்தாள். அவர் தலை நிமிரவில்லை. ஜெபினையும் ஒருமுறை பார்த்தாள். மோதிரத்தைக் கழற்றி அவனுடைய அம்மா கையில் வைத்தாள். "இது நடக்காது. சாயா போட்டிருக்கு, குடிச்சிட்டுப் போங்க" என்றாள். ஒருத்தரும் குடிக்கவில்லை.

அக்கா, அது பல்வலி இல்லையா? முகத்தைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு இருந்தாயே. நான் இடித்துத் தந்த கிராம்பை எந்தக் கன்னத்தில் வைத்தாய்? உன் தங்கச்சியிடம்கூடச் சொல்லாமல், கிறிஸ்துமஸ்தோறும் எங்கள் இலையில் குழம்பு ஊற்றிக்கொண்டு எப்படிச் சிரித்தாய்?

சினிமாக்காரன் அடியைக் காட்டிவிட்டு வலியை வெட்டிவிடுகிறான். அத்தான் அடியையே வெட்டிவிட்டார். நாங்கள் பாயாசத்தோடு சேர்த்து அதை ருசித்துத் தின்றிருக்கிறோம். அன்றைக்குச் சாயங்காலம் அவர் அடுக்களைப் படியில் உட்கார்ந்து அழுதார். அழட்டும் என்று விட்டுவிட்டேன். உண்மையைச் சொல்லிவிட்டார், பெரிய மனசு என்று ஊரில் சிலர் பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீ இருக்கும்போது உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியது அது. நான் மன்னிக்கவில்லை. நீ மன்னித்தாயா?

அன்றைக்கே, வெளிச்சம் இருக்கும்போதே அபிஷா என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு ஜங்ஷனுக்குப் போனாள். இரண்டு பேருமாகக் கயிற்றை அறுத்து அந்த போர்டை இறக்கினோம். பயல்கள் கிட்டே வரவில்லை, தூரத்தில் நின்று போனில் பிடித்தார்கள். மறுநாளே சினிமா வசனமும் பின்னணி இசையும் சேர்த்து அதைப் பரப்பிவிட்டார்கள். கீழே வந்திருந்த கமென்டுகளை உனக்கு எழுத மாட்டேன், உன் கல்லறைக்கு முன்னால் வாசிக்கிற பேச்சு இல்லை. குதிரை என்றது போதாதாம்.

பள்ளிக்கூடத்திலும் இந்த நாற்றம்தான். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, பஸ் ஸ்டாப்பிலிருந்து ஒருத்தன் தினமும் பின்னால் வருகிறான் என்று அழுதாள். எச்.எம். அவளை வேறு பஸ்ஸில் வரச் சொன்னார். அவனைக் கூப்பிட்டுக் கேட்டால், "விரட்டி விரட்டி லவ் பண்ணுனாத்தான் டீச்சர் செட்டாவும்" என்கிறான், என்னவோ நான் நடத்திய பாடத்தை எனக்கே ஒப்பிக்கிற மாதிரி. எங்கே படித்தான் என்று நான் கேட்கவில்லை. முன்பு இதற்குத் தியேட்டருக்குப் போக வேண்டும், இப்போது சட்டைப் பையிலேயே கிடக்கிறது.

அந்த ஃபிளெக்ஸை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அபிஷா கத்தரியை எடுத்துத் தன் முகத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டாள். மிச்சத்தைப் பின்பக்கம் திருப்பி, மழைக்கு விறகின்மேல் போட்டிருக்கிறேன்.

கிறிஸ்துமஸ் வருகிறது, அக்கா. வழக்கம்போல எல்லாரும் சாப்பிட வருவார்கள், அத்தானும் இருப்பார். இலை போட்டதும் யாராவது பழக்கதோஷத்தில் அந்தத் தியேட்டர் கதையை எடுப்பார்கள். எடுக்காவிட்டால் நானே எடுப்பேன். இனி அந்தக் கதையை நான்தான் சொல்வேன். உன்னுடைய "ச்சீ"யில் ஆரம்பித்து, சாத்தின கதவு, துண்டு, கிராம்பு எல்லாவற்றையும் அத்தானை வைத்துக்கொண்டே சொல்வேன். சிரிக்கிறவர்கள் அதற்குப் பிறகு சிரிக்கட்டும். ஒரு வருஷமும் விடமாட்டேன்.

அன்றைக்கு நீ கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்த,
உன் தங்கச்சி சுகந்தி.