ஓடையா, கரையா

மார்ச் 4

அன்புள்ள குட்டை,

(உயரத்தில் மட்டும்!) ஆங்கிலச் சொற்பிறப்பு அகராதிக்கான 'ர' வரிசைச் சீட்டுகளை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அதில் 'ரைவல்' என் செல்லம். பிரெஞ்சிலும் ஸ்பானிஷிலும் அதே எழுத்துகள். இத்தாலியிலும் ஜெர்மனிலும் கடைசியில் ஓர் எழுத்து கூடும். எல்லாவற்றுக்கும் தாய் லத்தீன். அங்கே முதலில் பகையே இல்லை, தெரியுமா? ஒரே தண்ணீரைப் பங்குபோட்ட பக்கத்து வயல்காரர்கள்தான் 'ரைவல்'. கரை என்னும் 'ரீப்பா'விலிருந்து வந்ததாக எழுதியிருக்கிறேன்.

என் சீட்டுகளைச் சரிபார்க்கவே வேண்டாம் என்கிறார் பதிப்பாசிரியர். நான் விடவில்லை. உன் சிவப்புப் பேனா படாமல் எனக்கு நிம்மதி ஏது?

உன் நெட்டை

மார்ச் 11

அன்பு நெட்டைக்கு,

சீட்டுகள் வந்தன. ஆசிரியர் மாடிப்படி வரை வந்து, "அந்தம்மா எழுதினா கதை மாதிரி இருக்கும்மா!" என்றார். பதினாறு வருஷமாக இதே மேசையில் குனிந்து கிடக்கிறேன். என்னிடம் அவர் கேட்டதெல்லாம் "ஜன்னலைச் சாத்தினீங்களா?" என்பதுதான். போகட்டும், வீட்டில் உட்கார்ந்தபடியே பெயர் வாங்க ஒரு கொடுப்பினை வேண்டும். கண் வைக்கவில்லை, பயப்படாதே.

சீட்டுகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், ஒரு குறையும் இல்லை. அப்படியே அச்சுக்கு அனுப்பு.

குட்டை

மே 20

அன்புக் குட்டை,

'ர' தொகுதி அச்சாகி வந்த வாரமே ஒரு பேராசிரியர் பிடித்துவிட்டார். 'ரைவல்' கரையிலிருந்து வரவில்லையாம். ஓடை என்னும் 'ரீவுஸ்'தான் மூலமாம். கல்லூரியில் நாம் இருவரும் சேர்ந்து படித்த பாடம்! ஆசிரியர் போனில் குதித்தார்: "சரிபார்த்தது யாரு?" நான், "அவ குறிச்சுத்தான் அனுப்பினா சார், நான்தான் மாத்த மறந்துட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.

இனி எனக்குச் சீட்டு வராதாம். அடுத்த பதிப்பின் முகப்பில் நம் இருவர் பெயரில் என்னுடையதை எடுத்துவிடுவார்களாம். ஒரு மூச்சு அழுது முடித்துவிட்டேன். உன் வேலைக்கு ஒன்றும் வராது.

என் கவலை வேறு. உனக்கு இப்படி ஒன்று தவறியதே இல்லையே? சனிக்கிழமையே போய் டாக்டரிடம் கண்ணைக் காட்டு.

நெட்டை

மே 24

நெட்டை,

என் கண் நன்றாகத்தான் இருக்கிறது. 'கரை'யை அன்றைக்கே பார்த்தேன். பேனா மூடியைக் கூடத் திறந்தேன். ஆசிரியர் மாடிப்படியில் சொன்னது திரும்பத் திரும்பக் காதில் கேட்டது. மூடிவிட்டேன்.

பொறாமைதான். ஒருமுறையாவது நீ திட்டு வாங்க வேண்டும் என்று இருந்தது. வெறும் திட்டுதானே என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். நீயோ என் கண்ணுக்கு டாக்டர் தேடுகிறாய்.

இக்கடிதத்தின் நகலை ஆசிரியர் மேசையில் வைத்துவிட்டேன். நாளை முதல் ஜன்னலை வேறு யாராவது சாத்தட்டும்.

நீ பதில் போடாவிட்டால் கேட்க எனக்கு வாயில்லை. நீ வைத்த பெயரில் கையெழுத்துப் போடவும் கை வரவில்லை. அந்த இடத்தை அப்படியே விட்டிருக்கிறேன்.