அடியில் இருந்த சிவப்பு

மார்ச் 3, செவ்வாய்

அண்ணனின் பட்டறைக்குள் ஒரு படகை ஏற்றி நிறுத்தியிருக்கிறோம். பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்க அடிப்பாகத்தில் பூசும் பெயிண்ட், இருபத்தைந்து வருடமாக அடுக்கடுக்காக ஏறிக் கிடக்கிறது. மேலே நீலம், அதற்குள் கறுப்பு, ஆகக் கடைசியில் செங்கல் சிவப்பு. அத்தனையையும் எடுக்க வேண்டும். மூன்று வாரக் கெடு.

அண்ணியின் தம்பி செய்வதாகத்தான் பேச்சு. காலையில் அண்ணன் அவனை இன்ஜின் பக்கம் அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டான். உன் கைக்குத்தான் இது வரும் என்றான். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மார்ச் 6, வெள்ளி

நீலம் போயிற்று. தண்ணீர் விட்டுத் தேய்க்கட்டுமா என்று அண்ணனிடம் கேட்டேன். அதற்கெல்லாம் நாளில்லை, மெஷினைப் போட்டு அப்படியே தேய் என்றான். முகத்துக்கு ஒரு காகித மாஸ்க் கொடுத்தான்.

மார்ச் 11, புதன்

சிவப்பு வந்துவிட்டது. தூள் மூக்கில், காதில், சோற்றில். வாயெல்லாம் கசப்பு.

மார்ச் 13, வெள்ளி

கண்ணைத் திறக்க முடியவில்லை. மணிக்கட்டு முழுக்கத் தடிப்பு. இருமினால் நெஞ்சு எரிகிறது. என்ன பெயிண்ட் என்று டாக்டர் கேட்டார். பத்து வருடம் இதே வேலை செய்துவிட்டு, தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. கேட்டுக்கொண்டு வாருங்கள் என்றார்.

மார்ச் 14, சனி

அண்ணன் வெளியே போயிருந்தான். படகின் ஃபைலை நானே எடுத்துப் பார்த்தேன். பெயிண்ட் பெயர் தேடப் போனவளுக்குக் கிடைத்தது பரிசோதனைக்கூடத்துத் தாள். அடிச் சிவப்பில் நஞ்சு இருக்கிறதாம், எப்போதோ தடை செய்த வகையாம். உலர்வாகத் தேய்க்கக் கூடாது, தூளைச் சுவாசிக்கக் கூடாது. தேதி மார்ச் 2. பெற்றுக்கொண்டதற்கு அண்ணனின் கையெழுத்து.

மார்ச் 2.

மறுநாள் காலையில்தானே என்னைக் கூப்பிட்டான்?

அண்ணியின் தம்பியிடம் போய்க் கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அந்தத் தூள்கிட்டயே போகாதன்னு அத்தான் சொன்னாருக்கா. உங்ககிட்டயும் சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன்."

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். என் அண்ணனுக்கு எந்தச் சதை ஆடியது?

மார்ச் 15, ஞாயிறு

அண்ணன் வீட்டுக்கே போய்த் தாளை மேஜையில் வைத்தேன். அண்ணியும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவன் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் நம்பியிருப்பேனோ என்னவோ. கெடு, தாமதமானால் படகை வேறு பட்டறைக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்று ஏதேதோ சொன்னான். ஏன் என்னை, என்று மட்டும் கேட்டேன்.

"அவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா இவ வீட்டுக்கு நான் பதில் சொல்லணும். நீ நம்ம வீட்டுப் பொண்ணு."

அண்ணி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

எனக்காக வந்து கேட்க யாரும் இல்லை என்கிறான். அப்பா அம்மா இல்லை. இருக்கிற ஒரே ஆள் அவன்தான் –

பஸ்ஸில் அழுதுவிட்டேன். பாவி, என் கைய ஒரு தடவையாவது பாத்தியாடா நீ?

மார்ச் 16, திங்கள்

தாளை நகலெடுத்துப் பட்டறைக் கதவில் ஒட்டினேன். சாவியை மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 24, செவ்வாய்

அண்ணி ஃபோன் செய்தாள். படகைத் தொட ஒருவரும் வரவில்லையாம். நீ ஒரு வார்த்தை சொன்னால் வருவார்கள் என்றாள். சொல்ல மாட்டேன் என்றேன். இருமல் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். குறைந்திருக்கிறது. தடிப்புதான் இன்னும் போகவில்லை.

ஏப்ரல் 9, வியாழன்

கடைப்பலகை எழுதும் இடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. பஸ் பட்டறை வழியாகத்தான் போகிறது. இன்று பஸ் வரவில்லை, நடந்தேன்.

கதவு திறந்திருந்தது. தரையில் தார்ப்பாய் விரித்து, தலை முதல் கால் வரை மூடிய உடுப்போடு, படகுக்கடியில் குந்தி அண்ணன் தனியாகச் சுரண்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் தண்ணீர்க் குழாய். சிவப்பு இன்னும் பாதிக்கு மேல் இருந்தது. என்னைப் பார்த்ததும் வெளியே வந்து முகமூடியைக் கழற்றினான். பட்டை பட்டையாக அதன் தடம் கன்னத்தில்.

"சாப்டியா?"

மன்னிப்பு அவன் வாயில் இப்படித்தான் வரும். சிறு வயதிலிருந்தே அப்படித்தான்.

சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு நடந்தேன். சாப்பிட்டிருக்கவில்லை.