அடுத்த அறைக்குக் குவைத் வழி

ஜனவரி 19, திங்கள்
காலையில் பனி. துணி காயவில்லை. சனிக்கிழமை மாதா கோயில் தேர், அதற்குள் வீடு கழுவ வேண்டும். வாங்க: பினாயில், ரவை, கடலை மாவு.

ஜெனிஷா என்னிடம் பேசாமல் இன்றோடு இருபத்திரண்டு நாள். அடுத்த அறையில் இருந்துகொண்டே குவைத்தில் இருக்கும் அவள் அப்பாவுக்கு வாட்ஸப் அனுப்புகிறாள். அவர் அதை எனக்கு அனுப்புகிறார். இன்று வந்தது: "அம்மைட்ட சொல்லுங்க, சாம்பார்ல உப்பு இல்ல." கடல் தாண்டிப் போய் வந்த உப்பு! சிரிப்பும் வந்தது, கரண்டியை வீசவும் தோன்றியது.

டியூஷன் என்று பொய் சொல்லிவிட்டு தக்கலையில் சிங்காரி மேளம் பழகப் போனவள் அவள். பதினாறு வயதுப் பெண், தோளில் செண்டை, நடுரோட்டில்! கத்தியதோடு நான் விட்டிருக்கலாம். விடவில்லை. தெருக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டத்தில், கண்ணை மூடி, உருக்கமாக: "எனக்க மவ பொய்யயும் மேளத்தயும் விட்டு மனந்திரும்பணும், ஆண்டவரே." பதினெட்டு வீட்டாரும் ஒரே குரலில், "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்." அவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு மூடிய வாய்.

ஜன. 20, செவ்வாய்
குவைத் வழியாக இடி. பிளஸ் டூவுக்கு நாகர்கோவில் ஹாஸ்டலில் சேரப் போகிறாளாம். படிவத்தில் என் கையெழுத்து வேண்டுமாம். வெள்ளி கடைசி நாள்.

நாகர்கோவில் பக்கம்தான், பஸ்ஸும் இருக்கிறது. ஆனால் இந்தக் கோபத்தோடு போகிறவள் லீவுக்குக்கூட வருவாளா?

அவள் அப்பாவுக்குப் போன் போட்டேன். "நீங்க கொஞ்சம் கண்டிக்கப்பிடாதா?"

"ஊரக் கூட்டி செபிச்சது நீ. நான் என்னத்த சொல்ல?"

வைத்துவிட்டேன். பிள்ளைகளுக்கு எரிச்சல் மூட்டாதே என்று வேதத்தில் அப்பாக்களுக்குத்தானே சொல்லியிருக்கிறது, அம்மாக்களுக்கு இல்லையே என்று தேடித் தேடிப் பார்த்தேன். தப்பிக்க வழி கிடைக்கவில்லை.

ஜன. 21, புதன்
இப்போதே எழுத வேண்டும், கை ஓடவில்லை!

இன்று அன்பியம் எங்கள் வீட்டில். சுண்டல், சுக்குக் காப்பி. ஜெனிஷா திரைச்சீலையை இழுத்துவிட்டு அறைக்குள். பக்கத்து வீட்டு மேரி அக்கா பேரனுடைய விசாவுக்காக மன்றாடினார். அடுத்து நான். நேற்று எழுதி வைத்த மன்றாட்டுத் தாளைக் காணோம். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: "எனக்க பிள்ளைக்க குத்தத்த எல்லாருக்க முன்னயும் செபமா சொல்லி அவள மானங்கெடுத்தினேன். அவ என்ன மன்னிக்கணும், ஆண்டவரே."

இதற்குப் பதில் சொல்லலாமா கூடாதா என்று முகத்தை முகம் பார்க்கிறார்கள். மேரி அக்கா இருமினார். அப்போது திரைக்குப் பின்னாலிருந்து ஒரே ஒரு குரல்:

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

என் பிள்ளையின் குரல்! சுண்டலை யாருக்குக் கொடுத்தேன், யாரை விட்டேன், தெரியாது.

கணவரிடம் சொன்னேன். "அப்ப பேசிட்டாளே!"

"ஆண்டவர்ட்டயாக்கும் பேசினா. எனக்கிட்ட இல்ல."

ஜன. 22, வியாழன்
இன்னும் குவைத் வழிதான். "அம்மைட்ட சொல்லுங்க, சனிக்கிழம தேருக்கு எங்க டீம்தான் மேளம். நான் போவேன்." போவேனாம். போகட்டுமா என்று இல்லை.

சரி என்று பதில் போட்டேன். நானேதான் போட்டேனா என்று இரண்டு முறை பார்த்தேன்.

ஹாஸ்டல் படிவத்தில் கையெழுத்தும் போட்டேன். அவள் மேசையில் வைத்துவிட்டு, அடுக்களையில் நின்று நன்றாக அழுதேன். வெங்காயம் நறுக்கவில்லை.

ஜன. 24, சனி
நல்ல வெயில். காற்று. ஐந்து மணிக்குத் தேர் புறப்பாடு.

அடேயப்பா, என்ன மேளம்! பன்னிரண்டு பெண்கள். நடுவில் என்னுடையது. குச்சி எங்கே, கை எங்கே என்று கண்ணுக்குத் தெரியவில்லை. காலில் மண் அதிருகிறது. எனக்கே தெரியாமல் தலையாட்டியிருக்கிறேன். மேரி அக்கா காதில் வந்து, "இந்தப் பிள்ளைக்கா மனந்திரும்ப செபிச்சோம்?" என்றார். வெட்கமாகப் போய்விட்டது. பெருமையாகவும் இருந்தது, அதை மறைப்பானேன்.

சிலுவை நிற்கும் குருசடி அருகே மேளம் சற்று நின்றது. அவள் தோளில் குறுக்கே கட்டிய சிவப்புத் துண்டு அவிழ்ந்து குச்சியில் சிக்குகிறது. கூட்டத்துக்குள் தேடுகிறாள். என்னைப் பார்த்ததும் செண்டையோடு ஓடி வந்தாள்.

"ம்மா! ஊக்கு இருக்கா? சீக்கிரம்!"

என் முந்தானையில் இருந்த ஒரே ஊக்கைக் கழற்றித் துண்டில் குத்தினேன். அவசரத்தில் அவளையும் ஒரு குத்து. "ஆ! மெல்லம்மா." ஓடிவிட்டாள்.

தேர் கோயிலுக்குத் திரும்பும்வரை முந்தானையை ஒரு கையால் பிடித்தபடியே நடந்தேன். கை கடுத்தது. என்ன கடுத்தால் என்ன.

ஜன. 25, ஞாயிறு
இட்லி. மிச்ச சாம்பார். பூசைக்கு இரண்டு பேரும் போனோம். வழியெல்லாம் மேளக் கதைதான், நடுவில் எனக்கு ஒரு வார்த்தை சொல்ல இடமில்லை.

படிவம் நான் வைத்த இடத்திலேயே கிடக்கிறது. கடைசி நாள் முந்தாநாளே முடிந்தது. அதன் மேல் மேளக் குச்சிகள். குச்சிகளை அசைக்காமல் மேசையைச் சுற்றித் துடைத்தேன்.

மத்தியானம் குவைத்திலிருந்து போன். பதறிப்போன குரல்.

"ஏட்டி, நேத்து சாயங்காலத்துல இருந்து எனக்கு ஒரு மெசேஜும் வரல்ல. அங்க என்ன ஆச்சு?"