மூன்றாம் முறை கூப்பிட்ட பெயர்

12 நவம்பர் 1986, புதன்

யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர் கொண்டுவந்த கடிதங்களை பாரிஸில், ரூ காய் தெரு மளிகைக் கடையில் நான்தான் பெயர் கூப்பிட்டுக் கொடுத்தேன். பிரெஞ்சுக்காரன் காலத்தில் புதுச்சேரித் துறைமுகத் தபாலாபீசை நடத்தினேனாம்; அதற்காக இதை என் தலையில் கட்டிவிட்டார்கள். அங்கே கப்பல் தபாலுக்கு மூன்று முறை கூப்பிடுவோம். இன்று செல்வராசாவை இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் உறைத்தது. போன வாரம்தானே அவனை எரித்துவிட்டு வந்தோம்! கடிதம் அவன் அம்மாவினுடையது. அவளுக்கு இன்னும் சேதி போகவில்லை. கடையே தலைகுனிந்து நின்றது. பாழும் வாய், பழக்கத்தில் மூன்றாம் முறையும் கூப்பிட்டது.

“ஓம், நான்தான்.”

ஒவ்வொரு முறையும் வெறுங்கையோடு திரும்புகிற ஒருவன், அரிசி மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து கையை நீட்டினான். ஆளைப் பார்த்துக் கொடுப்பதுதான் என் தொழில். பார்த்தேன். கொடுத்துவிட்டேன்.

வாசல்வரை போனவன் திரும்பி வந்து கேட்டான்: “பதில் எழுதித் தந்தால் அம்மாட்டைப் போய்ச் சேருமோ, ஐயா?”